அந்தரமா இருக்கு

போன மாசம் ஒரு விடியப்புறம் அப்பாவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடினம். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேட்காதீங்கோ.

"அந்தரமா இருக்கு" எண்டார் அப்பா. உடம்பு தவிக்குது, ஏதோ செய்யுது எண்ட அர்த்தம். இருபது வருஷச் சீனி வருத்தம் அவருக்கு. பயிற்சியில இருக்கிற டொக்டர் தம்பி சிங்களம். "நெஞ்சு நோவா?" எண்டார். அப்பா இல்லையெண்டு தலையாட்டினார். பக்கத்தில நிண்ட அட்டெண்டன் அந்தரத்தை மொழிபெயர்த்தார்: "பயயி". பயமாம்! டொக்டர் அப்பாவைக் கதிரையில இருத்திட்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டார்.

ஷிஃப்ட் மாறி வந்த டொக்டரும் சிங்களம்தான், தமிழும் அரைகுறைதான். ஆனா அப்பாவுக்கு முன்னால குந்தி இருந்து, "அந்தரம் எங்க ஐயா? கையால காட்டுங்க" எண்டார். அப்பா பொத்தின கையை மேல் வயித்தில வச்சார். உடனே ஈ.சி.ஜி. மாரடைப்பு.

சீனி உள்ள ஆக்களுக்கு நெஞ்சு நோகாமலும் மாரடைப்பு வரும் எண்டது முதல் தம்பிக்கும் தெரிஞ்சிருக்கும். பாடமில்லை அவருக்குக் குறைஞ்சது.

நோயாளி சொல்றதை விளங்கிக் கேட்கிற இந்தப் பழக்கத்தை எங்க சோதிக்கினம்? டொக்டராகப் படிக்கிறவைக்கு ஓஸ்கி (OSCE) எண்டொரு பரீட்சை இருக்கு. 1975இல ஸ்கொட்லாந்தின்ர டண்டீயில ரொனால்ட் ஹார்டன் கொண்டுவந்த முறை. மணியடிக்க மணியடிக்க ஒவ்வொரு ஸ்டேஷனாப் போகவேணும். நோயாளியா ஒராள் நடிப்பார், பரீட்சகர் தாளில சரி போடுவார். பேர் சொன்னாரா, சரி. கை கழுவினாரா, சரி. எல்லாருக்கும் ஒரே கேஸ் எண்டதால அதில நியாயம் இருக்கு, நான் குறை சொல்லேல்ல. ஆனா அந்த அறையில ஸ்கிரீனுக்கு அங்கால ஒராள் சத்தி எடுக்கிறதில்லை. நடிக்கிறவர் "அந்தரம்" எண்டு சொல்லப்போறதுமில்லை.

சாவைச் சொல்றது இன்னும் கஷ்டம். கெட்ட செய்தி சொல்ல 2000ஆம் ஆண்டு வந்த ஸ்பைக்ஸ் எண்ட ஆறு படி முறை புற்றுநோய்க்காரருக்கெண்டு எழுதினது. முதல் படியே தனி இடம். எங்கட இடத்தில ட்ரொலிக்கும் ட்ரொலிக்கும் இடையில ஒரு முழம்கூட இல்லை. ஒரு டொக்டர் "எங்களால ஏலாமப் போச்சு" எண்டதுக்கு, மூதூர்ப் பக்கத்து அம்மா ஒராள் "அப்ப கொழும்புக்குக் கொண்டு போவமா தம்பி?" எண்டு கேட்டதை அண்டைக்கு என்ர காதால கேட்டன். "இறந்துட்டார்" எண்டு நேராச் சொல்லியிருக்க வேணும். கிண்ணியா முஸ்லிம் ஆக்களெண்டா "மௌத்தாயிட்டார்". அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வாறதுக்கும் பழக்கம் வேணும்.

மினி சீ.ஈ.எக்ஸ். (Mini-CEX) எண்ட மதிப்பீட்டு முறையில, பெரிய டொக்டர் பக்கத்தில நிண்டு, பயிற்சி டொக்டர் உண்மையான நோயாளியோட கதைக்கிறதைப் பார்ப்பார். அதை இங்க இரவு ரெண்டு மணிக்கு, நோயாளியின்ர பாஷையில வையுங்கோ. பிறகு நோயாளியிட்டயே கேளுங்கோ: "டொக்டர் என்ன சொன்னவர்?" திருப்பிச் சொல்லத் தெரிஞ்சா மார்க். நேர்ஸ் மிஸ்மாரிட்டயும் கேட்கலாம், அவைக்குத் தெரியாதது இல்லை. அதோட, அட்டெண்டனை மொழிபெயர்க்க விடாம, அதுக்கெண்டு பழகின ஒராளைச் சம்பளம் குடுத்து வையுங்கோ. அது அந்த மனுசன்ர வேலையே இல்லை.

அப்பா இப்ப வீட்டில. ரெண்டு டொக்டர்மாற்ற பேரும் அவருக்குத் தெரியாது. ஆரும் விசாரிச்சா "குந்தி இருந்த பொடியன்" எண்டுதான் சொல்றார்.