சொல்லாமல் நழுவுவது தீர்வல்ல
நீண்ட விடுப்புக்குப் பின் வகுப்புக்குத் திரும்பும் குழந்தையை, அது பார்க்காதபோது விட்டுவிட்டு நழுவினால் அழாது என்ற கருத்து இங்கே பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அன்புடன் மறுக்கிறேன். அந்த அழுகை நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அம்மா எந்த நொடியிலும் காணாமல் போகலாம் என்ற பயம் குழந்தைக்கு வந்துவிட்டால், மறுநாள் வாசலிலேயே இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பாவம், அது நியாயமான பயம்தானே! சுருக்கமாக விடைபெற்று, “சாப்பிட்டு முடித்ததும் வருவேன்” என்பதுபோலக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லி, சொன்னபடி வருவதுதான் உதவும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பெற்றோருக்காக நடத்தும் இணையதளத்திலும், பிரிவுப் பதற்றம் பற்றிய பகுதியில், இதே அறிவுரையை யாரும் படித்துப் பார்க்கலாம். நீங்கள் சென்றபின் அழுகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் சில நாட்கள் கேட்டுக் குறித்துவைத்தால், உங்கள் குழந்தையிடமே மாற்றத்தைக் கவனிக்கலாம்.