வேடமும் அடையாளமும்: சாமுவேல் ஃபோசோவின் படங்கள்

தன்னையே படமெடுக்கும் கலைஞர்கள் மாறுவேட விளையாட்டைத் தாண்டுவதில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்தக் கருத்தை, கட்டுரையாளர் போகிறபோக்கில் மட்டும் குறிப்பிட்ட ஒளிப்படக் கலைஞர் சாமுவேல் ஃபோசோவின் படங்களை முன்வைத்து மறுக்க விரும்புகிறேன். கேமரூனில் 1962இல் பிறந்து, நைஜீரியாவில் வளர்ந்து, அந்நாட்டிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ரா பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரில் சிக்கித் தப்பி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பங்கியில் 13 வயதிலேயே ஸ்டூடியோ தொடங்கியவர் ஃபோசோ. பகலில் வாடிக்கையாளர்களைப் படமெடுத்தபின் மிஞ்சிய பிலிமில் தன்னை எடுத்து, தான் நலமாக இருப்பதைக் காட்ட நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். போர் பிரித்த குடும்பத்துக்கு 'உயிரோடிருக்கிறேன்' என்று போட்ட கடிதங்களை எப்படி விளையாட்டு என்பது?

1997இல் எடுத்த ஒரு வண்ணப்படத்தில் சிறுத்தைத்தோல் போர்த்தி, கழுத்து நிறைய நகை அணிந்து, சிவப்புக் காலணியுடன், கையில் சூரியகாந்திப் பூக்களை ஏந்தி அமர்ந்திருக்கிறார். ஆப்பிரிக்காவைக் காலனியவாதிகளுக்கு விற்ற தலைவன் என்பது அந்தப் பாத்திரம். ஆப்பிரிக்கத் தலைவன் என்றதும் ஐரோப்பியர் மனத்தில் எழும் சித்திரத்தையும், மண்ணை விற்ற உள்ளூர்க்காரனையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துக் கேலி செய்வது துணிச்சலான காரியம். 2008இல் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளிகளான மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ் முதலியோராகத் தோன்றிய கறுப்பு வெள்ளைத் தொடர் இதைவிடப் புகழ்பெற்றது, ஆனால் எனக்கென்னவோ அதில் மரியாதை கூடிக் குறும்பு குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

2014 கலவரத்தில் பங்கியிலிருந்த அவருடைய வீடு சூறையாடப்பட்டபோது, தெருவில் எறியப்பட்ட நெகட்டிவ்களில் பலவற்றைச் செய்தி ஒளிப்படக்காரர்கள் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றினார்கள். சொந்தம் என்று வரித்துக்கொண்ட ஊரிலேயே இப்படி நேர்ந்ததைக் கட்டுரை சேர்த்திருக்கலாம்.