தண்ணிய கொட்டினது மட்டும் கதை இல்ல

உங்க கட்டுரைல, படையே தாகத்துல தவிச்சப்ப அலெக்சாண்டர் தனக்குன்னு ஹெல்மெட்ல கொண்டு வந்த தண்ணிய குடிக்காம மண்ணுல கொட்டினத மட்டும் சொல்லி சிறந்த தளபதின்னு முடிச்சிட்டீங்க, எனக்கு மனசு ஒப்பல. கிமு 325ல இந்தியாவுல இருந்து திரும்புறப்ப கெட்ரோசியா பாலைவனம் (இப்போ பலுசிஸ்தான் மக்ரான் பக்கம்) வழியா போகலாம்னு முடிவு எடுத்ததே அவர்தானே, கடல் வழியா வர்ற கப்பல் படைக்கு தானியம் தண்ணி ஏற்பாடு பண்ணணும்னு ஒரு காரணம், பழைய பாரசீக ராஜா சைரஸால முடியாதத நான் முடிச்சு காட்டணும்ங்கற வீம்பு இன்னொண்ணு.

என்ன உலுக்கினது வேற. கப்பலுக்குன்னு ராஜ முத்திரை குத்தி அனுப்பின தானியத்த காவலுக்கு போன சிப்பாய்ங்களே பிரிச்சு தின்னுட்டாங்க, பசிக்கொடுமைன்னு தெரிஞ்சு மன்னிச்சார். அப்புறம் குதிரை, கோவேறு கழுதை எல்லாத்தையும் கொன்னு தின்னுட்டு தாகத்துல செத்துச்சுன்னு பொய் சொன்னாங்க, அவரும் தெரிஞ்சே தெரியாத மாதிரி இருந்துட்டார், அத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா அதனாலயே வண்டி இழுக்க மிருகம் இல்லாம நோயாளிங்கள வழியிலயே விட்டுட்டு போக வேண்டியதாச்சு. ஒரு ராத்திரி சின்ன ஓடை பக்கத்துல கேம்ப் போட்டிருந்தப்ப எங்கயோ பெஞ்ச மழைக்கு திடீர்னு வெள்ளம் வந்து கூட வந்த பொம்பளைங்க, புள்ளைங்கள அடிச்சிட்டு போயிடுச்சு.

பாலைவனப் பயணம் கிளம்பி 60 நாள் கழிச்சு, கெட்ரோசியாவோட தலைநகரான பூராங்கற ஊருக்கு போய் சேர்ந்தாங்க. அந்த புள்ளைங்கள பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்லையே, தயவுசெஞ்சு சேருங்க.