பென்டெஸ்டிங்: முதல் தாளும் கடைசித் தாளும்

பென்டெஸ்டிங் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. "எங்கள் சிஸ்டத்துக்குள் புகுந்து பாருங்கள், எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று நிறுவனங்களே கூப்பிட்டுக் காசு கொடுக்கும் வேலை. இன்பாக்ஸுக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, எந்த டூல் கத்துக்கணும்?" ஓட்டை தேட உதவும் என்மேப், பர்ப் சூட் எல்லாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வேலையில் என் தூக்கத்தைக் கெடுத்தவை இரண்டு தாள்கள்தான். ஆரம்பிக்கும் முன் கையெழுத்தாகும் அனுமதிக் கடிதம் ஒன்று. முடிந்தபின் நாம் கொடுக்கும் ரிப்போர்ட் இன்னொன்று.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல ஐயோவாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2019 செப்டம்பரில் கோல்ஃபயர் என்ற பென்டெஸ்டிங் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி டிமெர்குரியோ, ஜஸ்டின் வின் என்ற இருவர், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டல்லஸ் கவுன்ட்டி கோர்ட் கட்டடத்துக்குள் நள்ளிரவு தாண்டி நுழைந்தார்கள். மாநில நீதித்துறை நிர்வாகம் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த வேலை அது. அலாரம் அடித்ததும் போலீஸ் வரும்வரை அங்கேயே இருந்து கடிதத்தைக் காட்டினார்கள். அப்புறம் வந்த ஷெரிஃப், கட்டடம் கவுன்ட்டிக்குச் சொந்தம், உள்ளே போகச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் கிடையாது என்று இருவரையும் கைது செய்தார். கன்னம் வைத்ததாக வழக்கு, ஆளுக்கு 50,000 டாலர் ஜாமீன். வழக்கு கைவிடப்பட 2020 ஜனவரி கடைசி ஆகிவிட்டது. எந்த நேரத்தில் போகலாம் என்பதில் ஒப்பந்தத் தாள்களே ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன.

அதைப் படித்த நாளிலிருந்து ஸ்கோப் பட்டியலில், அதாவது எதையெல்லாம் சோதிக்கலாம் என்ற பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் "இது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் நான் ஸ்கேன் ஓட்டுவதில்லை. சொந்த ஆர்வத்தில் யாருடைய வெப்சைட்டையோ தட்டிப் பார்க்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். அனுமதி இல்லாமல் மோசடி எண்ணத்தோடு நுழைந்தால் நம் ஐடி சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று அப்புறம் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம்.

சரி, கடைசித் தாளுக்கு வருகிறேன்.

ஒரு உற்பத்தி நிறுவனம், பெயர் வேண்டாம். மீட்டிங் அறையில் ஒரு நெட்வொர்க் பாயின்ட்டும் சாதாரண ஊழியர் ஒருவரின் லாகினும் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். எல்லோருக்கும் திறந்து கிடந்த ஒரு பேக்கப் ஃபோல்டரில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸில் தானாக வேலை செய்ய எழுதும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று இருந்தது. அதன் ஏழாவது வரியில், மொத்த நெட்வொர்க்கையும் ஆளும் டொமைன் அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட், அப்படியே எழுத்தில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மொத்த நெட்வொர்க்கும் என் கையில். தொண்ணூறு பக்கத்துக்கு மேல் ரிப்போர்ட் எழுதினேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். ஆடிட்டுக்குத் தேவையான சான்று அவர்களுக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷம் போனேன். அதே ஃபோல்டர், அதே ஏழாவது வரி, அதே பாஸ்வேர்ட்.

கோபத்தோடுதான் சிஸ்டம் அட்மினைப் பார்க்கப் போனேன். அறுநூறு கம்ப்யூட்டர்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் மனிதர். "தம்பி, அந்த ரிப்போர்ட் என்கிட்ட வரவே இல்லையே" என்றார். என் லேப்டாப்பிலேயே திறந்து காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இதில் நான் எந்த ஃபைலை மாத்தணும்னு எங்கே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. நான் எப்படிப் புகுந்தேன் என்பதற்கு நாற்பது பக்கம் இருந்தது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டு வரி.

மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கதையும் இதுதான். அவர்கள் வெப்சைட்டில் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லி உள்ளுக்குள் மெயிலும் போனது. ஆனால் அந்த மெயில் பட்டியல் பழையது, செய்ய வேண்டிய ஆளுக்கு அது போய்ச் சேரவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்களிடம் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் சிக்கியது. ஓட்டை தெரிந்திருந்தும் போனது! இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. ரிப்போர்ட்டை மேலாளர் மெயிலுக்கு அனுப்பிவிட்டு அடுத்த கிளையன்டுக்குக் கிளம்பும் நாமும் இதில் பங்குதாரர்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

அந்த சிஸ்டம் அட்மின் அண்ணனுக்கு விஷயம் புரியாமல் இல்லை. அந்த டொமைன் அட்மின் கணக்கு வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றி, சம்பளம் போடுவது நின்றுவிட்டால் அவர் வேலை போகும். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று எழுதுகிற நமக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து டொமைன் கன்ட்ரோலர் லாக்கில் (யார், எங்கிருந்து லாகின் செய்தார்கள் என்று மைய சர்வர் வைக்கும் பதிவு) அந்தக் கணக்கை மட்டும் வடிகட்டினோம். லாக் ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. சம்பளமோ மாதம் ஒருமுறை. (180 நாள் லாக் வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவு போட்டது எவ்வளவு நியாயம் என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.) லாக் அளவைக் கூட்டிவிட்டு மாதக் கடைசி வரை காத்திருந்தோம். மூன்று இடங்கள் தெரியவந்தன: பேக்கப், சம்பள சர்வர், யாரும் நினைவில் வைத்திருக்காத ஒரு பழைய வருகைப்பதிவு மெஷின். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்குகள், தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி. அதன் பிறகுதான் பழைய பாஸ்வேர்டை மாற்றினார். அன்று இரவு பதினொன்றரைக்கு "பேக்கப் ஓடிடுச்சு தம்பி" என்று மெசேஜ் வந்தது.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எந்த ஃபைல், எந்த வரி, யார் மாற்ற வேண்டும், மாற்றினால் எது நிற்கக்கூடும் என்று எழுதுகிறேன். அதைச் செய்ய வேண்டிய ஆள் கூட்டத்தில் இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

மூன்றாம் வருஷமும் அங்கே போனேன். அந்த ஃபோல்டர் என் லாகினுக்குத் திறக்கவில்லை. வேறு வழியில் உள்ளே போக எனக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலையில் அதை முதலில் அந்த அண்ணனிடம்தான் காட்டினேன்.