கல்லாவில் வந்த சி.எஸ்.

போன மாதம் ஒரு மதியம். கடையில் கூட்டம் இல்லை. கல்லாவில் சேர்ந்திருந்த சில்லறையை ஐந்து ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் மளிகைக் கடை நடத்தும் எனக்கு இது அன்றாட வேலை. காசின் முகத்தைப் பார்த்து யாரும் எண்ணுவதில்லை, விரலே எண்ணிவிடும். அன்றைக்கு ஒரு மஞ்சள் ஐந்து ரூபாயை என்னவோ திருப்பிப் பார்த்தேன். பூ இருக்கும் பக்கத்தில் ஒரு முகம். பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சி. சுப்பிரமணியம்.

2010இல் அவருடைய நூற்றாண்டுக்கு வெளியிட்ட காசு அது. இத்தனை வருடம் எத்தனை பேருந்து, எத்தனை டீக்கடை, எத்தனை கோயில் உண்டியல் சுற்றி, அவர் பிறந்த செங்குட்டைப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே என் கல்லாவுக்கு வந்திருக்கிறது!

வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டே சொன்னார்: "இது நம்ம சி.எஸ். மாட்ட இருக்குது அம்மிணி. செலவு பண்ணீராத. சாமி ரூம்ல எடுத்து வெச்சுக்க."

நான் எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவன் அரைக் கிலோ கோதுமை மாவு கேட்டான். மீதிச் சில்லறையில் அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்து, "இதில் இருப்பது யார் தெரியுமா?" என்றேன். தெரியாது. சொன்னேன். நாடு கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்த காலம். இந்த மனிதர் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தபோது, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தார். இந்த மண்ணுக்கு ஒத்துவராது என்று எதிர்த்தவர்கள் நிறையப் பேர். டெல்லியில் தன் பங்களாவின் புல்தரையை உழுது அதிலேயே அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். நம்ம ஊர்க்காரர். நீ வாங்கிப் போகிற மாவில் அவர் கையும் இருக்கிறது. பையன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

பெரியவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நினைவு நாணயம் நம் கைக்கு வர வேண்டும். நாம் கேட்காமலே, தக்காளி வாங்கிய மீதியில் வர வேண்டும். அப்போதுதான் ஒரு பையன் "இது யாரு?" என்று கேட்பான். சுதந்திர இந்தியா 1964இல் நேருவுக்காக முதல் நினைவு நாணயம் வெளியிட்டபோது அது ஐம்பது பைசாவாகவும் ஒரு ரூபாயாகவும் வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு இருபது பைசாவிலேயே அவர் முகம் இருந்தது. கடலை மிட்டாய் வாங்கும் கையிலும் காந்தி இருந்தார். 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் ஐந்து ரூபாயில் வந்தார். 2009இல் அண்ணா நூற்றாண்டுக் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருந்தது. எங்கள் கடையில் வேலை செய்த அக்கா ஒருவருக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. காசில் இருந்ததை அவர் முதன்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான். "அண்ணாதுரைன்னு போட்டிருக்குதுங்க" என்று அவர் கல்லா வரைக்கும் ஓடி வந்து காட்டியது எனக்கு மறக்காது.

இப்போது வருகிறவை பெரும்பாலும் பெட்டிக் காசுகள். நூறு ரூபாய் என்று போட்டிருக்கும். 44 மில்லிமீட்டர் அகலம். பல வருடங்களாக வந்தவை 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதன் மேல் போட்டிருக்கும் மதிப்பைப் போல் பல மடங்கு விலை கொடுத்து நாணயச் சாலையில் பதிவு செய்து வாங்க வேண்டும். வாங்கியவர் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார். பிரித்தால் மதிப்புப் போய்விடும். அழகான வேலைப்பாடு, மறுக்கவில்லை. சேகரிப்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் பாதிக் காசுகளின் கதையே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு தலைவருக்கு நாடு மரியாதை செய்கிறது என்று அறிவித்துவிட்டு, அந்த மரியாதையை விலை கொடுக்க முடிந்தவர்களின் அலமாரியில் மட்டும் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளிக் காசு எத்தனை வேண்டுமானாலும் போடட்டும். கூடவே அதே முகத்தோடு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ புழக்கத்துக்கும் வர வேண்டும். சென்னிமலையில் பிறந்து திருப்பூரில் உயிர் விட்ட குமரனுக்கு 2004இல் தபால்தலை வந்தது. அவர் முகம் திருப்பூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

காசு கைமாறினால் தேய்ந்து போகுமே என்பார்கள். தேயட்டும். வெள்ளலூரை நினைத்துப் பாருங்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், நொய்யல் ஓரம். 1842இல் அங்கே 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோமப் பேரரசர்கள் காலத்தவை. தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசு ஒரு குறிப்பிட்ட வகை. ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். கையுஸ், லூக்கியுஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், தனக்குப் பின் அரசாள அவர் தத்தெடுத்துக்கொண்ட பிள்ளைகள். லூக்கியுஸ் கி.பி. 2இலும் கையுஸ் கி.பி. 4இலும் இளவயதிலேயே இறந்துபோனார்கள். இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் அடித்த அந்தக் காசு, மிளகுக்கும் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த நீலப்பச்சைக் கல்லுக்கும் விலையாகக் கடல் கடந்து கொங்கு நாடு வரைக்கும் வந்தது. ஒரு தாத்தா தன் பேரப்பிள்ளைகள் மேல் வைத்த நம்பிக்கை இந்த மண்ணுக்குள் கிடந்தது என்பதை முதலில் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. சந்தைக்கு வந்ததால்தான் அது இங்கே வந்து சேர்ந்தது.

நம் சனங்களுக்கும் இது புதிதில்லை. வீடு கட்டும்போது நெலவு, அதாவது வாசல்கால், வைக்கிறோமே, அதற்கடியில் காசு போடுகிறோம். தங்கத்தை இன்னும் பவுன் கணக்கில்தான் சொல்கிறோம். அந்தப் பவுனும் சவரனும் இங்கிலாந்துத் தங்கக் காசின் பெயர். அதன் எடை 7.988 கிராம், அதுதான் நமக்கு எட்டு கிராமானது.

அப்புறம், கடைக்காரியாக ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பத்து ரூபாய்க் காசை வாங்க மாட்டேன் என்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்குதுங்க, கள்ளக்காசுங்க" என்பார்கள். பலவும் ஏதோ ஒரு நிகழ்வையோ மனிதரையோ நினைத்துப் போட்டதால்தான் வேறு வேறாக இருக்கிறது. 2018இல் ரிசர்வ் வங்கியே, புழக்கத்தில் இருக்கும் 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. நினைவுக்காக மாற்றிய முகத்தையே சந்தேகத்துக்குக் காரணமாக்கிவிட்டோம். அதற்கு நேர்மாறாக இன்னொரு கூட்டம். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறது என்று கல்லாவைக் கிளறச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அது 2012இல் புழக்கத்துக்கு வந்த சாதாரணக் காசு. பழைய காசு வாங்குகிறோம் என்று கட்டணம், கமிஷன் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

சரி, இதையெல்லாம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல எனக்கு என்ன காரணம் என்று கேட்டால், அது காசு இல்லை. ஒரு பதக்கம்.

அம்மாவின் அப்பாரு, அதாவது அம்மாவுக்குத் தாத்தா, முதல் உலகப் போருக்குப் போனவர். ஊரில் அந்த வீட்டுக்கே "பசராக்காரர் வீடு" என்றுதான் பெயர். பஸ்ரா, இன்றைய ஈராக்கில் இருப்பது. எந்தப் பட்டாளம், என்ன வேலை, எத்தனை வருடம், ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தார், காட்டைப் பார்த்தார், போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கம் ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. எனக்குக் காது குத்தியபோது கொலுசு போட வேண்டும் என்று வீட்டில் இருந்த பழைய வெள்ளியை எல்லாம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதில் பதக்கமும் போனது. வாங்கிய கடைக்காரர் தராசில் வைத்தார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்த கைக்கே அது என்ன என்று தெரியாதபோது வாங்கின கைக்கு எப்படித் தெரியும்?

மிச்சம் இருந்தது பதக்கத்தை மாட்டியிருந்த துணி மட்டும். நடுவில் காவி, அதன் இரண்டு பக்கமும் வெள்ளை, கருப்பு, ஓரத்தில் நீலம். போன வருடம் பெட்டியை ஒழித்தபோது அது கிடைத்தது. நிறங்களை வைத்துத் தேடிப் படித்தேன். 1914-18 போருக்காகப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கத்தின் நாடா. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் கழுகுச் சின்னம் போட்ட கேடயத்தை மிதித்துக்கொண்டு குதிரை மேல் ஒரு வீரன். படத்தை போனில் காட்டியதும் அம்மா சட்டென்று, "இதேதான். குதிரை மேல கருப்பராயன் மாட்ட இருப்பாரு" என்றார்.

படித்ததில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பதக்கத்தின் விளிம்பில், வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் அச்சுக் குத்தித்தான் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ராவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அந்தப் போர்முனையில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர் போட்டார்கள், சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லில் பெயர் கிடைக்காத அந்தப் பட்டாளத்தில், உயிரோடு திரும்பிய ஒருவரின் பெயர் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள், பதக்கத்தின் ஓரத்தில் இருந்திருக்கிறது. அதைத்தான் உருக்கிக் கொலுசாக்கி என் காலில் போட்டார்கள். அந்தக் கொலுசையும் பின்னால் மாற்றிவிட்டோம்.

அதனால் இதைப் படிக்கும் கொங்குச் சொந்தங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பதக்கமோ காசோ இருந்தால், விற்கிறதோ வைக்கிறதோ உங்கள் விருப்பம். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து தெரியும். யாருடையது, எப்படி வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். துலக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

விளிம்பு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சின்ன வயசுல அத வெச்சு வெளையாடுவேன் கண்ணு. ஓரத்துல நகத்த ஓட்டுனா கரகரன்னு இருக்கும். டிசைன்னு நெனச்சுட்டேன். அப்பாரு பேரா அது?"