புதன்கிழமை பத்து மணிக்குச் செயலமர்வு

போன கிழமை எங்கள் மேற்படிப்பு வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதுவது பற்றி ஒரு செயலமர்வு. நல்ல வளவாளர், கட்டணம் இல்லை, சான்றிதழும் தருகிறார்கள். புதன்கிழமை காலை பத்து மணி, பல்கலைக்கழக மண்டபத்தில். வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். புதன்கிழமை பத்து மணிக்கு நான் திருகோணமலையில் என் அலுவலக மேசையில் இருப்பேன். அந்த மண்டபத்துக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே பஸ் ஏற வேண்டும், இரண்டு நாள் லீவு போட வேண்டும். வருஷத்துக்கு இருக்கிற லீவையெல்லாம் ஏற்கெனவே பரீட்சைக்கும் மேற்பார்வையாளரைச் சந்திக்கவும் கொடுத்தாயிற்று.

அன்று மதியம் நடந்த இன்னொரு விஷயம்தான் என்னை இதை எழுத வைத்தது.

என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி முதுமாணி ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். உசாத்துணைப் பட்டியலில் 143 நூல்களும் கட்டுரைகளும். மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் வேறொரு முறைக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தார். நான்கு இரவாக இருந்து கையால் மாற்றியிருக்கிறாள். ஆண்டை முன்னுக்குக் கொண்டுவந்து, அடைப்புக்குறி போட்டு, பெயர்களைத் திருப்பி எழுதி, ஒவ்வொரு முற்றுப்புள்ளியாகப் பார்த்து. கண் சிவந்துபோய் வந்து பக்கத்தில் இருந்தாள். சோற்றுப் பார்சலை விரித்தவள் சாப்பிடவில்லை. நான் மடிக்கணினியைத் திறந்து சொட்டெரோவைக் காட்டினேன். உசாத்துணைகளைச் சேர்த்து வைத்து, வேண்டிய முறைக்கு மாற்றித் தருகிற மென்பொருள் அது. 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி இலவசமாக வெளியிட்டது. அவளுடைய கட்டுரைகளில் பத்தை உள்ளே எடுத்தேன். முறையைத் தெரிவு செய்து ஒரு தட்டு. பத்தும் ஒரே நேரத்தில் மாறி நின்றன. இன்னொரு முறை, இன்னொரு தட்டு. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது முதலே இருந்ததா?”

“ஓமடி, கன காலமா இருக்கு.”

“அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?”

அவளுக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. ஒரு கிழமையாக யோசித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான் உண்மை. இந்த மாதிரி விஷயங்கள் பாடத்திட்டத்தில் இருப்பதில்லை. கென்டீன் மேசையில், ஆய்வுகூட வாசலில், நூலகத்துக்குப் போகிற வழியில், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகிறவை அவை. எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பலாம், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எத்தனை மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையில் முதல் கேள்வி என்னவாக இருக்கும், எந்தப் புலமைப்பரிசிலுக்கு எப்போது விண்ணப்பம் திறக்கும் என்பதெல்லாம் அந்தக் கென்டீன் மேசையில்தான் கிடைக்கும். அந்த மேசையில் இருக்க முடியாதவருக்கு யாராவது ஏற்பாடு செய்து கொடுத்தால்தான் உண்டு.

திருகோணமலையில் அந்த மேசையில் இருக்க முடியாதவர்கள்தான் கூட. இங்கிருந்து மேற்படிப்புப் படிக்கிறவர்களில் நான் அறிந்த பெரும்பாலானோர் ஆசிரியர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், வங்கியில் இருப்பவர்கள், தாதியர். பதிவு பேராதனையில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில், வந்தாறுமூலையில், திறந்த பல்கலைக்கழகத்தில். வாழ்க்கை உவர்மலையில், மூதூரில், குச்சவெளியில், தம்பலகாமத்தில். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். தோளில் மடிக்கணினிப் பையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்கிறவர்களில் இரண்டு மூன்று பேராவது சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறவர்கள். கந்தளாய் தாண்டினால் நித்திரை, ஹபறணையில் தேநீருக்கு நிறுத்தினால் விழிப்பு, விடியப்புறம் இறங்கி பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவி, எட்டரைக்கு வகுப்பு. ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை வீட்டில் குளித்துவிட்டு நேரே வேலை. வகுப்பு முடிந்து வளாகத்தில் நின்று நாலு பேரோடு கதைக்க நேரம் ஏது?

முதல் பட்டம் படித்தபோது இப்படி இல்லை. விடுதி இருந்தது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு 1981இலிருந்து மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, அது கிடைக்காதவர்களுக்கு பேர்சறி என்கிற உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக சீனியர்மார் இருந்தார்கள். பழைய வினாத்தாள் தருவதற்கும், எந்த விரிவுரையாளரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லவும், வீட்டு நினைவு வந்தால் கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் வாங்கித் தரவும். மேற்படிப்புக்குப் பதிவு செய்த அன்றோடு அதெல்லாம் போய்விடுகிறது. கட்டணத் துண்டும் ஒரு பதிவு இலக்கமும் கையில். பிறகு நீங்களும் உங்கள் ஆய்வும்.

இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள். முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12. பாடநெறியாக மட்டும் செய்கிற முதுமாணி 9ஆம் மட்டம், அதற்குக் குறைந்தது 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். ஆக 1500 மணித்தியாலம். வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளையைப் படிப்பித்து, அப்புறம் மிஞ்சுகிற நேரத்தில் இந்த 1500ஐ எடுக்க வேண்டும். அப்படி மிஞ்சுகிற நேரத்தில்தான் நான்கு இரவை முற்றுப்புள்ளி மாற்றக் கொடுத்தாள் என் தங்கச்சி. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் பட்டம் தமிழ் மொழிமூலம். மேற்படிப்பு ஆங்கிலத்தில். ஆய்வு முன்மொழிவைக் கொடுத்து ஆறு கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரே குறிப்பு: தெளிவில்லை. எது தெளிவில்லை என்று இல்லை. என் ஆங்கிலம்தான் சரியில்லை என்று நினைத்தேன். மூன்று மாதம் இலக்கணப் புத்தகத்தோடு இருந்து ஒவ்வொரு வசனமாகத் திருத்தினேன். திரும்ப அனுப்பினேன். திரும்பவும் அதே குறிப்பு. விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த நேரத்தில், உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வேறு அலுவலாகப் போனேன். கதைக்கும்போது இது வந்தது. முன்மொழிவை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “சரி பிள்ளை, நீர் எதைக் கண்டுபிடிக்கப் போறீர்? எனக்குத் தமிழில சொல்லும்.”

வாயைத் திறந்தேன். பின்னணி சொன்னேன், முக்கியத்துவம் சொன்னேன், யார் யார் என்ன எழுதினார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது மட்டும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. என்னிடம் ஆய்வுக் கேள்வியே இருக்கவில்லை, ஒரு தலைப்புத்தான் இருந்தது. அன்று பின்னேரம் அவருடைய விறாந்தையில் இருந்து ஒற்றை வசனத்தில் தமிழில் எழுதினேன். அதை ஆங்கிலத்தில் மாற்றப் பத்து நிமிஷம் எடுத்தது. அடுத்த முறை முன்மொழிவு ஏற்கப்பட்டது.

மூன்று மாதமாகத் தீராதது ஒரு கேள்வியால் தீர்ந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இருந்ததால் தீர்ந்தது. ஆங்கில வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆய்வாளர்களுக்கு உதவும் ஓதர்எய்ட் போன்ற இணையத்தளங்களில் ஆய்வெழுத்துக்கான பாடநெறிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், படியுங்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆய்வு பற்றி முதலில் தமிழில் வாய்விட்டுக் கதைக்க இடம் வேண்டும். பிழையாகச் சொல்லிப் பார்க்க இடம் வேண்டும். தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் தருகிற, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் எவ்வளவு பெரிய கொடை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடி ஊர் ஊராக அலைந்த காலம் போய்விட்டது. அதைக்கூட அறியாமல் முதுமாணி முடித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

தெரியாமை காசையும் கொண்டு போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஒரு கிழமையில் பிரசுரிக்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பிய சஞ்சிகைக்குத் தன் கட்டுரையையும் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியையும் கொடுத்தார். யாரும் மதிப்பீடு செய்யவில்லை, எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. இப்போது அந்தக் கட்டுரையை வேறெங்கும் அனுப்பவும் முடியாது. ஒரு சஞ்சிகை நம்பகமானதா என்று பார்க்கிற விதத்தை அரை மணித்தியாலத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

வெளிநாடுகளில் இதை மாணவரின் தலையில் விட்டுவிடவில்லை. பிரித்தானியாவில் 2002இல் சேர் கரத் றொபேட்ஸ் கொடுத்த அறிக்கை, கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது தொழில்சார் திறன்களில் பயிற்சி வேண்டும் என்றது. அதன் பிறகு அரசு அதற்கென்றே பணமும் ஒதுக்கியது. பேசுவது, எழுதுவது, குழுவாக வேலை செய்வது, ஒரு திட்டத்தை நடத்துவது என்பவையெல்லாம் ஆய்வாளருக்கு வேண்டியவை, அவற்றைப் பல்கலைக்கழகமே கொடுக்க வேண்டும் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியும் அந்த வகைதான். ஒரே ஒரு ஸ்லைட், மூன்று நிமிஷம். அதற்குள் உங்கள் முழு ஆய்வையும் துறைக்கு வெளியே உள்ளவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, 26 நாடுகளில் 2,279 பேரைக் கேட்டது. அவர்களில் பெரும்பாலானோர் கலாநிதிப் பட்ட மாணவர்கள். பொதுமக்களைவிட மேற்படிப்பு மாணவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஆறு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். ஆனால் விஷயம் எனக்குப் புதிதாகப் படவில்லை. இரவு ஒரு மணிக்கு வட்ஸ்அப்பில் “அக்கா முழிப்பா?” என்று வருகிற செய்திகள் எனக்குத் தெரியும். நான் முழிப்பாக இருந்தால் பதில் போடுவேன். இல்லாத நேரத்தில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, என்ன செய்யலாம்? “நீங்கள் வளர்ந்த ஆட்கள், நீங்களே தேடிப் படிக்க வேண்டியதுதானே” என்று சிலர் சொல்வார்கள். எதைத் தேடுவது என்று தெரிந்தவர்தான் தேடலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல்கலைக்கழகங்களிடம் காசு இல்லை என்பார்கள். அது உண்மை, ஆனால் நான் கேட்பதற்குப் பெரிய காசு தேவையில்லை. 2020இல் கொரோனாவுக்கு எல்லாம் பூட்டியபோது பல்கலைக்கழகங்களை இணையத்தில் இணைக்கும் லேர்ன் வலையமைப்பு அவற்றுக்கு சூம் வசதி செய்து கொடுத்தது, டேட்டாக் கட்டணம் இல்லாமல் வகுப்பில் சேரலாம் என்று தொலைபேசிக் கம்பனிகளும் இடம் கொடுத்தன. அந்தக் காலத்தில் மூதூரில் இருந்தவருக்கும் மண்டபத்துக்குப் பக்கத்து விடுதியில் இருந்தவருக்கும் தூரம் ஒன்றுதான். செய்ய முடியும் என்று செய்து காட்டியாயிற்று. மண்டபங்கள் திறந்ததும் செயலமர்வுகள் திரும்பவும் புதன்கிழமை பத்து மணிக்குப் போய்விட்டன. ஒரு கமராவை வைத்து அதையே இணையத்தில் விட்டால், பதிவு செய்து போட்டால், எவ்வளவு பேருக்கு உதவி!

ஆனால் திரை மட்டும் போதாது, ஆள் வேண்டும். அதனால் என் முக்கியமான கோரிக்கை இதுதான். மேற்படிப்பு மாணவருக்கான உதவி அவர் பதிவு செய்த இடத்தில் மட்டும் இருந்தால் போதாது, அவர் வாழும் இடத்திலும் இருக்க வேண்டும். திருகோணமலையில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தாலும், மேற்படிப்பு அடையாள அட்டையைக் காட்டினால் மாதத்தில் சில நாட்களாவது ஒரு வாசிப்பறையில் இருக்கலாம் என்று பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டால் என்ன? ஓர் அறை, மேசை, இணையம், அங்கே வேலை செய்கிற விரிவுரையாளர் ஒருவர் முறைவைத்து இரண்டு மணித்தியாலம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை என் பெரியம்மாவின் மகள் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கடந்துதான் பட்டம் படித்தாள். இன்று அவளுடைய மகன் மோட்டார்சைக்கிளில் சில நிமிஷத்தில் ரவுணுக்கு வந்துவிடுகிறான். வந்து இருக்கத்தான் இடம் இல்லை.

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. சனி, ஞாயிறு பலருக்கு வகுப்பு. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வகுப்பும் இல்லை, அலுவலகமும் இல்லை. அதனால் நான்கு மாதமாகப் போயா நாட்களில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஐந்து பேரில் தொடங்கி இப்போது ஒன்பது. முதல் இரண்டு மணித்தியாலம் யாரும் கதைப்பதில்லை, அவரவர் எழுத்து. பிறகு ஒருவர் மூன்று நிமிஷம் தன் ஆய்வைச் சொல்ல வேண்டும், தமிழில். போன முறை கிண்ணியாவிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் பின்னடைவதைப் பற்றிச் சொன்னார். தேநீர்த் தட்டோடு வந்த அம்மா நின்று கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டா எங்க போறவை? வேலைக்கோ?” என்றா. ஆசிரியர் தன் வினாக்கொத்தைப் புரட்டினார். அந்தக் கேள்வி அதில் இல்லை. அன்றே சேர்த்துக்கொண்டார்.

அடுத்த போயாவுக்கு என் தங்கச்சி சொட்டெரோ சொல்லித் தருகிறாள், இந்தமுறை அவள்தான் வளவாளர். காலை ஒன்பதுக்குத் தொடக்கம். வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், வழி அனுப்புகிறேன். மடிக்கணினி இல்லாதவர்களும் வரலாம், இருவர் ஒன்றில் பார்க்கலாம். எக்ஸ்டென்ஷன் வயர் இரண்டு இருக்கிறது, வைஃபை கொஞ்சம் மெது. விரிவுரையாளர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு மணித்தியாலம் வந்து இருந்துவிட்டுப் போங்கள். சான்றிதழ் ஒன்றும் வேண்டாம்.