கரிக்கட்டியும் கணக்கு நோட்டும்

உகாண்டா கிராமப் பள்ளிகளில் நடக்கும் மாலை நேரத் தொழில் கிளப்புகளின் படங்கள் சமூக ஊடகங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பிள்ளைகள் சோப்பையோ கரிக்கட்டியையோ (கரித்தூளைப் பிசைந்து அழுத்திச் செய்யும் அடுப்பு எரிபொருள்) தூக்கிப் பிடித்தபடி வரிசையாக நிற்பார்கள். கீழே ஆயிரம் இதயங்கள். எனக்கு அப்போதெல்லாம் ஒரே கேள்விதான்: அதை யார் வாங்கினார்கள்?

கரிக்கட்டியின் செய்முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. 200 லிட்டர் டிரம்மின் அடியில் துளைகள் போட்டு, மூன்று கல் மேல் ஏற்றி, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை நிரப்பித் தீ வைக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை கெட்டியாக வரும். அது மெலிந்து நிறமற்றுப் போகும் நேரத்தில் டிரம்மைத் தரையில் இறக்கி, மேலே மூடி, விளிம்பு முழுக்க மண் அணைக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் பாதி வெந்த கட்டை மிஞ்சும். பிறகு அடுப்பில் புகைந்து வாங்கியவரைத் திட்ட வைக்கும். தாமதித்தால் கையில் சாம்பல்தான். சூடு ஆறுமுன் திறந்தாலோ காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். மறுநாள் மாலை திறப்பதே நல்லது.

டிரம்முக்கு 30 முதல் 35 கிலோ கட்டை கொள்ளும். அதில் 7 கிலோ கரி கிடைத்தால் சந்தோஷப்படலாம். கரியை லேசாக நீர் தெளித்து இடித்தால் தூசி பறக்காது. மூக்கில் துணி அப்போதும் வேண்டும். 7 கிலோ தூளுக்கு அரைக் கிலோ மரவள்ளி மாவு போதும், 4 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சிப் பிசைய வேண்டும். உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அதைத்தான் கட்டியாக அழுத்த வேண்டும். கட்டி உடைகிறதே என்று மாவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் தூள் பருமனாக இருப்பதும் அழுத்தம் போதாததும்தான். மாவு கூடினால் புகையும் கூடும், காயும்போது பூஞ்சையும் பிடிக்கும்.

காய நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். பல கிளப்புகள் சறுக்குவது இங்கேதான். உகாண்டாவின் பெரும்பகுதியில் மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை. பள்ளியாண்டு பிப்ரவரியில் தொடங்குவதால் முதல் பருவமும் மூன்றாம் பருவமும் பெரும்பாலும் மழையிலேயே போய்விடுகின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் கரிக்கட்டிக்கு ஏற்ற மாதங்கள். மார்ச்சில் ஆரம்பித்துவிட்டு "பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது" என்று அறிக்கை எழுதினால் எப்படி?

இப்போது விற்பனைக்கு வருவோம். கிராமத்து வீடுகளில் விறகுதான் எரிகிறது, அதையும் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துக் கரி வாங்க மாட்டார்கள். கடைத்தெருவில் ரோலெக்ஸ் போடுபவர் (கடிகாரம் இல்லைங்க, முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவது, அங்கேயும் அது சப்பாத்திதான்) உடனே சூடேறும் தணல் கேட்பார். கரிக்கட்டி மெதுவாகப் பற்றும், சாம்பலும் அதிகம். ஒரு தடவை வாங்குவார், அதோடு சரி. கோழிக்குஞ்சு வளர்ப்பவரிடம் போங்கள். முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சுகளுக்கு இரவெல்லாம் கதகதப்பு வேண்டும். மண்சட்டியில் நின்று எரியும் கட்டி அவருக்குத்தான் லாபம். காற்றோட்டம் விடச் சொல்லி விற்க வேண்டும், இல்லாவிட்டால் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்தவரையும் கொல்லும்.

அடுத்தது கணக்கு. ஆறு பிள்ளைகள், இரண்டு மாலை, மாலைக்குத் தலைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் 15 மணி நேர உழைப்பு. விளைச்சல் 7 கிலோ சொச்சம். இந்த வரியை நோட்டில் எழுத எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. எழுதித்தான் ஆகணும் என்பது என் கட்சி. அதை எழுதிய பிள்ளைதான் "அப்போ கட்டி அழுத்த நெம்புகோல் அச்சு வேணும்", "ரெண்டு டிரம் ஒரே நேரத்துல போடலாம்", அல்லது "இது நமக்குக் கட்டுப்படியாகாது சார், வேற பார்ப்போம்" என்று பேச ஆரம்பிக்கும். கட்டை இன்று சும்மா கிடைக்கிறது என்று செலவில் பூஜ்யம் போடுவதும் தப்பு. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் விவசாயி விலை சொல்லுவார்.

2020-ல் வந்த புதிய உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டம் செய்முறைத் திட்டங்களுக்கு இடம் கொடுத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் நேரம்? நிலநடுக்கோட்டு நாடு, ஆண்டு முழுக்க ஏழு மணிக்கெல்லாம் இருட்டு. நாலரைக்குத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்காவது விட வேண்டும். தண்ணீர் எடுப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் பெண்பிள்ளைகள் தலையில். ஆறரை வரை இழுத்தால் ஒரே மாதத்தில் அது பையன்கள் கிளப்பாகிவிடும். கணக்கு எழுதுவதை மதிய இடைவேளைக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

நோட்டும் பணப்பெட்டியும் நாலாம் படிவத்துப் (அங்கே உயர்நிலைப் பள்ளியின் நாலாம் வகுப்பு) பிள்ளையிடம் இருக்கக் கூடாது. அக்டோபரில் பொதுத்தேர்வு வந்ததும் அந்தப் பிள்ளை போய்விடும். ஆகஸ்டிலேயே இரண்டாம் படிவத்துப் பிள்ளையிடம் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அன்றே டிரம்மையும் துடைத்துக் கூரைக்கடியில் கவிழ்த்து வையுங்கள். மழையில் விட்டால் அடுத்த ஜூனில் அடிப்பக்கம் இருக்காது.